பத்தாம் வகுப்புக்குப் போகும் பையன், பிரியப்போகும் பெற்றோர்: எதை எப்போது செய்ய வேண்டும்?

வேப்பம்பூ எழுதியது:

அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். அவனுக்கு 15 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து சென்னையில் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம். ஒன்பதாவது முடித்துவிட்டான். தங்கை தனியார் பள்ளியில் ஐந்தாவது முடித்திருக்கிறாள். அங்கே கடைசித் தவணை ஃபீஸ் பாக்கி.

அக்காவும் மாமாவும் மனமொத்துப் பிரிவது என்று முடிவெடுத்துவிட்டார்கள். அடிதடி, குடி எதுவும் கிடையாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது அக்கா பிள்ளைகளோடு கும்பகோணத்தில் எங்கள் அம்மா வீட்டுக்கு வருகிறாள், மாமா சென்னையிலேயே இருப்பார். பையனிடம் யாரும் முறையாகச் சொல்லவில்லை. அக்கா போனில் வக்கீல் அனுப்பிய மெசேஜைப் பார்த்துத் தானாகத் தெரிந்துகொண்டான். அதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்விடுகிறான். "நான் சென்னையை விட்டு வரமாட்டேன்" என்பது மட்டும்தான் அவன் சொன்ன ஒரே வாக்கியம்.

கும்பகோணத்தில் ஒரு நல்ல மெட்ரிக் பள்ளியில் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு. பள்ளி, கோர்ட், அவனிடம் பேசுவது, இதில் எதை முதலில் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொள்ளிடம் (பள்ளி மனநல ஆலோசகர்) எழுதியது:

முதலில் பேச்சு, மற்றதெல்லாம் அடுத்த நாள். அவனுக்குப் பாதி விவரம் மட்டும் தெரிந்திருக்கிறது. மீதியை அவனே கற்பனையில் நிரப்பிக்கொள்வான், அந்தக் கற்பனையில் பெரும்பாலும் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்வான். "என் ஃபீஸ், என் மார்க் பத்தித்தான் சண்டை போட்டாங்க" என்கிற கணக்கு இந்த வயதில் சர்வ சாதாரணம்.

அம்மா, அப்பா இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். பாட்டி, தாய்மாமன், சித்தி யாரும் அந்த அறையில் வேண்டாம். நீங்களும் வேண்டாம் சகோதரி. நேரம்: விடுமுறை நாளில் காலைச் சாப்பாடு முடிந்த பிறகு. ராத்திரியில் சொன்னால் தூக்கம் போய்விடும், கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது. 20 நிமிடம் போதும். தங்கையிடமும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். அண்ணனுக்குத் தெரிந்ததைத் தங்கையிடம் மறைக்கும் வேலை அவன் தலையில் விழக் கூடாது.

சொல்ல வேண்டியவை நான்குதான். ஒன்று, முடிவு எடுத்தாகிவிட்டது, எடுத்தது பெரியவர்கள். இரண்டு, காரணம் அவனோ தங்கையோ இல்லை. மூன்று, என்னென்ன மாறும், எந்தத் தேதியில் மாறும். நான்கு, எது மாறாது. நான்காவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். "எப்பவும் உன் மேல பாசமா இருப்போம்" என்பது அவனுக்குப் பிடிமானம் தராது. "அப்பா தினமும் ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுவார், காலாண்டு லீவுக்கு நீ சென்னை வர்ற, உன் சைக்கிள் கும்பகோணத்துக்கு லாரியில வருது, போன் நம்பர் மாறாது" என்று சொல்லுங்கள். தெரியாததற்குத் "தெரியாது, ஜூன் முதல் வாரத்துல சொல்றோம்" என்று தேதியோடு சொல்லுங்கள், அந்தத் தேதியில் சொல்லிவிடுங்கள்.

கேட்கக் கூடாத கேள்வி: "உனக்கு யாரோட இருக்கப் பிடிக்கும்?" எந்தப் பதில் சொன்னாலும் அவன் ஒருவரைக் கைவிட்ட மாதிரி ஆகும். அவன் கருத்து வேண்டும்தான். அதற்கு ரூம், ட்யூஷன், பயணத் தேதி, எந்த க்ரூப் எடுப்பது என்று அவன் முடிவு செய்யக்கூடிய விஷயங்களில் கேளுங்கள்.

சொன்ன அன்று அவன் பேசாமல் எழுந்து போகலாம், "சரி"யோடு முடித்துக்கொள்ளலாம். துரத்திப் போக வேண்டாம். இந்த வயதுப் பையன்களிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிட, பைக்கில் பின்னால் உட்கார வைத்துப் போகும்போதும், பாத்திரம் கழுவும்போதும், கடைக்கு நடக்கும்போதும் அதிகம் பேச்சு வரும். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதே காரணம். ரூமில் சாப்பிடுவதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு வேளை ஒன்றாகச் சாப்பிட்டால் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

---

செங்கொன்றை எழுதியது:

கொள்ளிடம் மேடம் சொன்ன முறை சரி. ஆனால் நேரம்தான் எனக்கு உடன்பாடில்லை. பத்தாவது பப்ளிக் எக்ஸாம் ஏப்ரலில் முடிந்துவிடும். இன்னும் பதினோரு மாதம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் பிரிந்தால் என்ன? அடிதடி இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஊர், பள்ளி, அப்பா என்று மூன்றையும் ஒரே மாதத்தில் பிடுங்குவது பையனுக்கு ரொம்ப அதிகம்.

---

கொள்ளிடம் எழுதியது:

நியாயமான கேள்வி. பெற்றோர் ஒரே வீட்டில் மரியாதையாக நடந்துகொள்ள முடியும் என்றால், அவனுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, "உன் பரீட்சை முடியும்வரை எல்லோரும் இங்கேதான்" என்று இருப்பது நல்ல வழிதான். ஆனால் அவனுக்குத் தெரியாத மாதிரி எல்லோரும் நடிப்பது வேறு. தெரிந்துவிட்ட பிள்ளை முன்னால் பதினோரு மாதம் நடித்தால், ஒவ்வொரு நாளும் சுவர்ப்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு படிப்பான். மார்க் குறைவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணமாகிவிடும். பேசாமல் இருக்கும் வீடும் சத்தம் போடும் வீட்டைப் போலவே பிள்ளையைக் களைப்படையச் செய்யும்.

---

வழக்காடி (குடும்பநல வழக்குகள்) எழுதியது:

செங்கொன்றை சார் சொன்ன யோசனைக்குச் சட்டத்தில் தடை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனமொத்த விவாகரத்துக்கான இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி மனு போடும் முன் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடுதான் என்று கட்டாயம் இல்லை. கணவன் மனைவியாக வாழாமல் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அதில் அடங்கும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. எனவே "ஓராண்டுக் கணக்கு தொடங்க வேண்டும், அதனால் ஜூனிலேயே கிளம்பியாக வேண்டும்" என்று யாராவது சொன்னால் அது சரியல்ல.

மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. 2017-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே நீண்ட காலம் பிரிந்திருந்து எல்லா விஷயமும் பேசித் தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். பையனின் பரீட்சைக் காலண்டரை மேசையில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் பேசுங்கள். கோர்ட் தேதிகள் மார்ச், ஏப்ரலில் விழாதபடி முன்கூட்டியே கேட்டு வாங்கலாம்.

இப்போது முக்கியமான இடம். மனமொத்த மனுவில் பிள்ளைகள் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள்: "பிள்ளைகள் தாயிடம் இருப்பார்கள், தந்தை ஞாயிறு 10 முதல் 5 வரை பார்க்கலாம்." இது ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுதிய வரி. பத்தாவது படிக்கும் பையனுக்கு ஞாயிறு டெஸ்ட் இருக்கும், ஊரும் வேறு. அதனால் அவனுக்குத் தனியாக எழுதுங்கள்: காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் எத்தனை நாள், பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், கோடை விடுமுறையில் பாதி, தினசரி போன், அப்பா கும்பகோணம் வந்தால் எங்கே தங்குவார், பரீட்சைக்கு முந்தைய ஆறு வாரம் பயணம் இல்லை, பள்ளியின் மார்க் அட்டையும் பெற்றோர் ஆசிரியர் (பி.டி.ஏ.) கூட்டத் தகவலும் இருவருக்கும்.

பணம். ஜீவனாம்சக் கணக்கில் ரொம்பப் பேர் சறுக்கும் இடம் இது: மகனுக்கான சட்டப்பூர்வ உரிமை பொதுவாக 18 வயதோடு முடிகிறது. திருமணமாகாத மகளுக்கு இந்துச் சட்டத்தில் அதற்குப் பிறகும் உண்டு. பையனுக்கு 18 நிறைவதும் கல்லூரி ஃபீஸ் கட்டும் காலமும் ஒன்றாக வரும். ஆகவே "பட்டப்படிப்பு முடியும்வரை ட்யூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் கட்டணம், ஒரு லேப்டாப், இவற்றில் இவ்வளவு பங்கு தந்தையுடையது, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 10-க்குள்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அது கோர்ட் உத்தரவில் இடம்பெற வேண்டும். வாய் வார்த்தையாக விட்டால் மூன்று வருடம் கழித்துப் பையனே அப்பாவிடம் போய்க் கையேந்த வேண்டி வரும்.

மனமொத்து ஒத்துவரவில்லை என்றால் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்படும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அழைக்க 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

---

நாற்காலி_மேசை (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்) எழுதியது:

மெட்ரிக் பள்ளி என்று படித்ததும் உடனே எழுதுகிறேன். அம்மா, தயவுசெய்து அந்தப் பையனை அரசுப் பள்ளியிலிருந்து தனியாருக்கு மாற்றாதீர்கள். பிரிவு வேகத்தில் குடும்பங்கள் செய்யும், பிறகு திருத்தவே முடியாத காரியம் இது.

மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. நான்கு வருடம் முடித்துவிட்டான், இன்னும் மூன்று வருடம்தான். இடையில் ஒரே ஒரு வருடம் மெட்ரிக்கில் படித்தாலும் அந்தத் தகுதி போய்விடும். கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பு கேட்கிறார்கள், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி. அவன் இங்கிலீஷ் மீடியம் என்பதால் உதவி பெறும் பள்ளி அவனுக்குப் பயன்படாது.

தங்கை ஆறாம் வகுப்புக்கு வருகிறாள். சரியான வாசலில் நிற்கிறாள். இப்போதே அரசுப் பள்ளியில் சேர்த்தால் 7.5 சதவீதமும், தமிழ்ப் புதல்வன் போலவே பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டமும் அவளுக்கும் கிடைக்கும். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று மாற்றுச் சான்றிதழை (டி.சி.) பிடித்து வைக்க முடியாது. எட்டாம் வகுப்புவரை கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு: தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், டி.சி. தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கை மறுக்கக் கூடாது. டி.சி.யை ஃபீஸ் வசூல் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. பாக்கியைத் தனியாகக் கட்டுங்கள், டி.சி.யைத் தனியாக எழுத்தில் கேளுங்கள்.

மாற்றும் முறை:

கும்பகோணத்தில் சேர்க்கப்போகும் பள்ளிக்கு முதலில் போங்கள். இங்கிலீஷ் மீடியம் பிரிவு பத்தாம் வகுப்பில் உண்டா, இடம் உண்டா, பன்னிரண்டு வரை உள்ள மேல்நிலைப் பள்ளியா, அவன் எடுக்க நினைக்கும் க்ரூப் இங்கிலீஷ் மீடியத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சென்னையில் டி.சி.க்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் பையன் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்பான்.

டி.சி. வாங்கும் அன்றே, பழைய பள்ளி அவனைப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸ் இணையதளத்தில் "காமன் பூல்" என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டதா என்று கேளுங்கள். காகிதத்தில் டி.சி. கையில் இருக்கும், கம்ப்யூட்டரில் பையன் இன்னும் பழைய பள்ளியிலேயே இருப்பான். புதிய பள்ளி அவனை இழுத்துக்கொள்ள முடியாது, வருகைப் பதிவு ஏறாது. எமிஸ் எண்ணைத் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் வட்டார வள மையத்தில் எமிஸ் பார்ப்பவரிடம் அந்த எண்ணோடு போக வேண்டும், அல்லது பள்ளிக் கல்வி உதவி எண் 14417-க்குப் பேசலாம்.

பத்தாம் வகுப்பு என்பதால் இன்னொன்று. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸ் விவரத்திலிருந்துதான் தயாராகும். ஜூனில் மாறினால் ஒரு பிரச்சினையும் இல்லை. அரையாண்டு நேரத்தில் மாற்றினால் தேர்வு மையம், பதிவு எல்லாம் குழப்பம். போவதென்றால் ஜூன், இல்லையென்றால் அடுத்த ஏப்ரல். நடுவில் வேண்டாம்.

---

கொள்ளிடம் எழுதியது:

தலைமையாசிரியர் ஐயா சொன்ன 7.5 விஷயத்தைப் பையனிடமே கணக்காக விளக்குங்கள். "சென்னையை விட்டு வரமாட்டேன்" என்பவனுக்குத் தன் மூன்று வருடத் திட்டம் காகிதத்தில் தெரிந்தால், ஊர் மாற்றத்தில் தனக்கும் ஒரு பிடி இருப்பதாகத் தோன்றும். முடிந்தால் மே மாதத்திலேயே ஒரு நாள் கும்பகோணம் கூட்டிப்போய் பள்ளி, அதன் மைதானம், பஸ் ஸ்டாப், அவன் படுக்கப்போகும் அறை எல்லாம் காட்டுங்கள்.

அறை முக்கியம். பாட்டி வீட்டில் ஹாலில் பாய் போட்டுப் படுப்பது சின்ன வயதில் கொண்டாட்டம், பதினைந்தில் தண்டனை. தனி அறை இல்லாவிட்டாலும் ஒரு மூலை, ஒரு மேசை, பூட்டுள்ள ஓர் அலமாரி, நடுவில் ஒரு திரை. செலவு சில ஆயிரம்தான். டிவியை அந்த மூலைக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து மாற்றிவிடுங்கள்.

---

ப்ளஸ்ஒன்_மதுரை எழுதியது:

இந்த இழையில் கேட்கலாமான்னு தெரியல. எனக்கு 16. ஜட்ஜ் என்னைக் கூப்பிடுவாரா? யார்கூட இருக்கணும்னு நானே சொல்லலாமா? அப்பா அம்மா எதிர்ல சொல்லணுமா?

---

வழக்காடி எழுதியது:

தாராளமாகக் கேட்கலாம் தம்பி.

பெற்றோர் இருவரும் ஒத்துப்போய் எழுதிக்கொடுத்தால் பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள். யாரிடம் இருப்பது என்பதில் தகராறு இருந்தால் கூப்பிடலாம். காப்பாளர் சட்டம் 1890-இல் 17(3) என்று ஒரு பிரிவு: விவரம் தெரிந்த வயதுடைய பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். 16 வயது என்றால் உன் சொல்லுக்கு நல்ல எடை உண்டு. ஆனால் கடைசி முடிவு உன்னுடையது இல்லை, நீதிபதியுடையது. அவர் பார்ப்பது உன் நலன். இதை நீ பாரமாக நினைக்க வேண்டாம், பாரத்தை இறக்கி வைக்கத்தான் சட்டம் அப்படி இருக்கிறது.

பெரும்பாலும் நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசுவார். அப்பா, அம்மா, வக்கீல்கள் வெளியே இருப்பார்கள். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர்களும் உண்டு, அவர்கள் முன்னதாகப் பேசலாம். மனப்பாடம் செய்துகொண்டு போகாதே. யாரோ சொல்லிக்கொடுத்த வாக்கியம் நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்கூலுக்கு எவ்வளவு தூரம், காலையில் யார் எழுப்புகிறார்கள், எங்கே படிக்க முடிகிறது, எப்போது பயமாக இருக்கிறது, இதையெல்லாம் உள்ளபடி சொல். "எனக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்க விருப்பம் இல்லை" என்பதும் முழுப் பதில்தான். வீட்டில் நடந்த சண்டையை போனில் ரெக்கார்ட் செய்து கொண்டுவா என்று யார் சொன்னாலும் செய்யாதே. அது பெரியவர்கள் வேலை.

பரீட்சை நாளில் தேதி விழுந்தால் டைம்டேபிள் நகலை வக்கீலிடம் கொடுத்து மாற்றக் கேட்கச் சொல்.

---

கொள்ளிடம் எழுதியது:

தம்பி, இன்னொரு வேலை உனக்கு வரும்: "அப்பாகிட்ட ஃபீஸ் கேளு", "அம்மா எங்க போனாங்கன்னு சொல்லு." இதற்கு ஒரே பதில் வைத்துக்கொள்: "நீங்களே அவங்களுக்கு மெசேஜ் பண்ணிடுங்க, என்கிட்ட வேண்டாம்." மூன்று நான்கு தடவை அதே வார்த்தையில், கோபம் இல்லாமல் சொன்னால் நின்றுவிடும். பேச ஆள் வேண்டும் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 உனக்கானது, 18 வயதுவரை. மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

வேப்பம்பூ, இது உங்கள் அக்காவுக்கும் மாமாவுக்கும்: பிள்ளைகள் விஷயத்துக்கு மட்டும் தனியாக ஒரு வாட்ஸ்அப் சாட் வைத்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு முறை, ஃபீஸ், டெஸ்ட், டாக்டர், பயணம் மட்டும். பழைய கணக்கு அதில் வரக் கூடாது.

---

தண்டவாளம் எழுதியது:

பயண விஷயம் யாரும் சொல்லவில்லை. எழும்பூரிலிருந்து கும்பகோணத்துக்கு ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, விடிகாலையில் இறங்கிவிடலாம், திரும்பும்போதும் அப்படியே. முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கும். காலாண்டு, பொங்கல் டிக்கெட் திறந்த அன்றே முடிந்துவிடும். ஆகவே விடுமுறைத் தேதி தெரிந்ததும் 60 நாள் எண்ணி, யார் டிக்கெட் போடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். "டிக்கெட் கிடைக்கலை, இந்த லீவுக்கு வேண்டாம்" என்பது பையன் காதில் "அப்பாவுக்கு நான் வேண்டாம்" என்றுதான் விழும்.

15 வயதுப் பையன் தனியாக வரலாம். புகைப்படம் ஒட்டிய பள்ளி அடையாள அட்டையோ ஆதாரோ கையில் இருக்க வேண்டும். லோயர் பெர்த் கேட்காதீர்கள், அப்பர் பெர்த்தில் பை பத்திரமாக இருக்கும். முதல் இரண்டு பயணத்துக்குப் பெரியவர் யாராவது கூட வரட்டும். ஞாயிறு இரவு ஏறி திங்கள் காலை நேராகப் பள்ளிக்கு என்று போடாதீர்கள், பாதி வகுப்பு தூங்குவான். சனி இரவே திரும்பிவிட்டால் ஞாயிறு வீட்டில் ஓய்வு.

இரண்டு வீட்டிலும் இரட்டையாக இருக்க வேண்டியவை: சார்ஜர், பல் தேய்க்கும் பிரஷ், நாலு செட் உடுப்பு, ஜியாமெட்ரி பாக்ஸ், செருப்பு. இவற்றைச் சுமந்துகொண்டு அலைந்தால் அப்பா வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிடுவான். ரெக்கார்ட் நோட்டு, கண்ணாடி, மருந்து மூன்றும் மட்டும் அவனோடு பயணம் செய்யட்டும்.

---

செங்கொன்றை எழுதியது:

நான் இன்னும் என் கருத்தில்தான் இருக்கிறேன், ஏப்ரல்வரை பொறுக்கலாம் என்று. ஆனால் ஜூனில்தான் என்றால், பையன் இந்த ஒரு வருடம் அப்பாவோடு சென்னையிலேயே இருக்கட்டுமே? அவன் கேட்பதும் அதைத்தானே.

---

கொள்ளிடம் எழுதியது:

இருக்கலாம். மாமா ஐந்து கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்: காலையில் டிபன் யார் செய்வது, மாலை நாலரைக்குக் கதவைத் திறப்பது யார், காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார், இரவு எத்தனை மணிக்கு அவர் வீடு வருவார், பி.டி.ஏ. கூட்டத்துக்கு யார் போவது. இதில் மூன்றுக்கு "பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேண்டாம். இன்னொன்று, அண்ணன் ஒரு ஊர், தங்கை ஒரு ஊர் என்று பிரித்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் தெம்பு போய்விடும். வீட்டில் நடப்பதை விளக்காமலே புரிந்துகொள்ளும் ஒரே ஆள் கூடப் பிறந்தவர்தான். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அவர்கள் இருவருக்கும் தனியாக வீடியோ கால் நேரம் வேண்டும், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல்.

எதைக் கண்டால் டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபம், கதவைச் சாத்துவது, ஒரு டெஸ்டில் மார்க் குறைவது, அம்மாவைக் குறை சொல்வது எல்லாம் சில மாதம் வரும், போகும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டால் அரசு மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "நான் இல்லாம இருந்தா நல்லது" என்ற தொனியில் ஏதாவது சொன்னாலோ எழுதினாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, தன் பொருள்களை மற்றவருக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ அன்றே போக வேண்டும், தனியாக விடக் கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

அப்பா இல்லாத வீட்டில் "இனி நீதான் ஆம்பிளை, நீதான் பாத்துக்கணும்" என்று பாட்டி, பெரியப்பா யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் "அப்பா வரலையா?" என்று கேட்பார்கள். "சென்னையில வேலைல இருக்கார்" என்று பொய் சொல்லப் பழக்காதீர்கள். "அவர் சென்னையில, நாங்க இங்க இருக்கோம்" என்ற அளவு போதும், அதற்கு மேல் கேட்டால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் பேச்சை மாற்ற வேண்டும். நீங்கள்தான் அந்தப் பெரியவர் சகோதரி.

---

இசேவை_கவுண்டர் எழுதியது:

காகித வேலை. குடும்பம் பிரிந்தபின் பிள்ளைகள் எங்கள் கவுண்டருக்கு வந்து நிற்பது பெரும்பாலும் ஒரே காரணத்துக்கு: ஆதாரில் இருப்பது அப்பாவின் மொபைல் நம்பர். டிஜிலாக்கர் திறக்க, சான்றிதழ் எடுக்க, பிறகு கல்லூரி விண்ணப்பம் போட என்று எதற்கும் ஓ.டி.பி. சென்னையில் அப்பா போனுக்குப் போகும். அவர் மீட்டிங்கில் இருப்பார், ஓ.டி.பி. காலாவதியாகும். சண்டை இல்லாத வீட்டிலும் இதனால் சண்டை வரும். ஆகவே ஊர் மாறும் முன்பே ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்ப் பையனோடு இருக்கப்போகிறவர் நம்பரைச் சேருங்கள். அவனுக்கு 15 ஆகிவிட்டது, கட்டாயக் கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பையும் அதே நாளில் முடித்துவிடலாம். அதைச் செய்யாவிட்டால் பின்னால் நுழைவுத் தேர்வு நேரத்தில் கைரேகை பொருந்தவில்லை என்று வரும்.

ஒரு ஃபைலில் அசல்: பிறப்புச் சான்று, சாதிச் சான்று, டி.சி., ஆதார், வங்கிப் புத்தகம், எமிஸ் எண். நகல் ஒரு செட் அப்பாவிடம். வங்கிக் கணக்கு அப்பாவோடு கூட்டாக இருந்தால், 10 வயது கடந்த பிள்ளை தானே இயக்கும் கணக்குத் தொடங்க முடியும், உதவித்தொகைக்கு அதையே பள்ளியில் கொடுங்கள்.

இனிஷியல். இதை அவசரத்தில் தொடாதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பெயரும் இனிஷியலும்தான் பாஸ்போர்ட் முதல் வேலைவரை அடிப்படை. அம்மாவின் இனிஷியல் வேண்டும் என்று பையனும் இரு பெற்றோரும் உண்மையிலேயே விரும்பினால், தேர்வுப் பெயர்ப் பட்டியல் போகும் முன் பள்ளிப் பதிவில் மாற்ற வேண்டும், பிறப்புச் சான்று, ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். சான்றிதழ் வந்தபின் மாற்றுவது அரசிதழ், தேர்வுத் துறை என்று நீண்ட அலைச்சல். கோபத்தில் ஒருவர் மட்டும் முடிவு செய்தால் நாலு ஆவணத்தில் நாலு விதமாக நிற்கும்.

---

வேப்பம்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெட்ரிக் யோசனையை விட்டாயிற்று, அக்காவிடம் இன்றே பேசினேன். ஞாயிறு காலை அவளும் மாமாவும் சேர்ந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு சந்தேகம்: ஆதார் நம்பர் மாற்றுவது, டி.சி. வாங்குவது, எது முன்னால்? பள்ளியில் அம்மா நம்பர் கொடுக்கலாமா, அப்பா நம்பரா?

---

நாற்காலி_மேசை எழுதியது:

ஆதார் முன்னால், அம்மா. அது பதிவேறச் சில நாள் ஆகலாம், பள்ளி திறக்கும் முன் முடிந்திருக்கும். அதன்பின் கும்பகோணம் பள்ளியில் இடத்தை உறுதி செய்துகொண்டு, சென்னையில் டி.சி., காமன் பூல். சேர்க்கைப் படிவத்தில் தாய், தந்தை இரண்டு பெயருக்கும் கட்டம் இருக்கும், இரண்டு நம்பரையும் எழுதுங்கள். தினசரித் தகவலுக்கு அம்மா நம்பர். வகுப்பாசிரியரிடம் மட்டும் தனியாக ஒரு வரி சொல்லிவையுங்கள்: அப்பா சென்னையில் இருக்கிறார், மார்க் கேட்டுப் போன் செய்வார், சொல்லலாம் என்று. மற்ற ஆசிரியர்களுக்கு எது தெரிய வேண்டும் என்பதைப் பையனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.